கியர்பாக்ஸ் ஃபில்லர் பிளக் முனை மழுங்கிருச்சு, பழைய ஆயிலையும் இறக்கிட்டேன். வழி சொல்லுங்க

ஞாயிறுமெக்கானிக் | சனி, மாலை 6:12

வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு சத்தமில்லாம போறவன். இன்னைக்கு மாட்டிக்கிட்டதால எழுதுறேன்.

முன்சக்கர டிரைவ் வண்டி, அஞ்சு கியர் மேனுவல். கியர் ஆயில் மாத்தலாம்னு காலையில நாலு ஸ்டாண்ட் போட்டு சமமா நிறுத்தினேன். அடியில ஆயில் இறக்குற டிரெய்ன் பிளக் சமர்த்தா வந்துச்சு. ஆயில் முழுக்க இறங்கிடுச்சு. புது வாஷர் போட்டு மூடியாச்சு. அதுக்கப்புறம் பக்கவாட்டுல ஆயில் ஊத்துற ஃபில்லர் பிளக்குல கைவச்சா அசையவே இல்ல.

17 எம்எம் தலை, உயரம் ரொம்பக் கம்மி. ரிங் ஸ்பேனர் மாட்டி, அதுல ஒரு பைப்பைச் சொருகி இழுத்தேன். 'கிர்ருக்'னு ஒரு சத்தம். கழண்டுருச்சுன்னு சந்தோஷமா எட்டிப் பார்த்தா, ஸ்பேனர்தான் வழுக்கியிருக்கு. ஆறு முனையில நாலு உருண்டையாயிருச்சு. மிச்சம் ரெண்டும் சுமார்தான்.

இப்ப கியர்பாக்ஸ்ல சொட்டு ஆயில் இல்ல, ஊத்தவும் வழியில்ல. திங்கட்கிழமை வண்டி வேணும். என்ன பண்ணட்டும்?

---

கிரீஸ்கை | சனி, மாலை 6:40

முதல்ல அந்த ஸ்பேனரைக் கீழ வைங்க தம்பி. இனிமே 'இன்னும் ஒரே ஒரு தடவை'ன்னு இழுக்காதீங்க. ஒவ்வொரு வழுக்கலும் நாளைக்கு நமக்குத் தேவைப்படுற இரும்பைத்தான் சீவிட்டுப் போகுது.

திட்டக்கூடாதுன்னு பார்த்தாலும் வாய் நிக்கல. கியர்பாக்ஸோ டிஃபரன்ஷியலோ, மேல இருக்கிறதைத் திறந்துட்டுத்தான் கீழ இருக்கிறதைத் தொடணும். மேலது வரலைன்னா கீழதைத் தொடாம அப்படியே ஓட்டிட்டுப் போயிருக்கலாம். பழைய ஆயிலோட ஓடும், ஆயிலே இல்லாம ஓடாது. சரி, நடந்தது நடந்துபோச்சு.

சில கேள்வி:

ரிங் ஸ்பேனர் ஆறு முனையா பன்னிரண்டு முனையா? பிளக் இரும்பா அலுமினியமா? காந்தம் வச்சுப் பாருங்க. சாக்கெட்டை நேரா உள்ள விட இடம் இருக்கா, இல்ல பிராக்கெட் ஏதாவது மறைக்குதா? தலைக்கு அடியில வாஷர் தெரியுதா? வாஷர் இருந்தா நேர் மரை. இல்லாம, மரை உள்முனைக்குப் போகப்போக மெலியுற மாதிரி இருந்தா அது சரிவு மரை, அதைக் கழட்டுற கதை வேற.

---

ஞாயிறுமெக்கானிக் | சனி, இரவு 7:05

பன்னிரண்டு முனைதான் அண்ணா. அதுல இப்படி வித்தியாசம் இருக்கும்னே தெரியாது. பிளக்குல காந்தம் ஒட்டுது, இரும்புதான். கியர்பாக்ஸ் உடம்பு அலுமினியம். தலைக்கு அடியில நசுங்கின வாஷர் ஓரம் தெரியுது. பிளக்குக்கு முன்னாடி ஒரு கையளவு இடம் இருக்கு, நீளமான சாக்கெட்னா இடிக்கும், குட்டையானது போகும்.

---

அவசரக்குடுக்கை | சனி, இரவு 7:20

எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி? கேஸ் டார்ச்சைக் காட்டுங்க, செவக்கிற வரைக்கும். அப்புறம் மோல் கிரிப் (கவ்விப் பூட்டிக்கிற குறடு) போட்டு ஒரு திருகு. சஸ்பென்ஷன் போல்ட் எத்தனை இப்படிக் கழட்டியிருக்கேன் தெரியுமா!

---

அளவுகோல் | சனி, இரவு 8:02

தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். சஸ்பென்ஷனில் இரும்புக்குள் இரும்பு, அங்கே அந்த முறை சரி. இங்கே இரும்புப் பிளக் அலுமினிய உடம்பில் இருக்கிறது. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உருகுவதற்கு முன் இரும்பைப் போல அது செவந்து காட்டாது. வெள்ளி நிறத்திலேயே இருக்கும், திடீரென்று தொய்ந்து ஒழுகும். பிளக் நன்றாகச் செவக்கும்வரை காத்திருந்தால், அதைச் சுற்றியுள்ள மரை அதற்குள் பாழாகியிருக்கும். பக்கத்திலேயே டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் ஆயில் சீல் இருக்கிறது. உள்ளே ஆயில் ஆவி வேறு. திறந்த தீ வேண்டாம்.

ஆனால் சூடு வேண்டும், மிதமான சூடு. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் (ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 23 மைக்ரான், இரும்புக்கு 12). 18 எம்எம் பிளக்கில் 100 டிகிரி ஏற்றினால் துளை பிளக்கைவிடச் சுமார் 0.02 எம்எம் கூடுதலாக அகலும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இறுகிய மரைக்கு அது பெரிய விடுதலை. ஹீட் கன் போதும். காற்றைப் பிளக்கின் மேல் அல்ல, சுற்றியுள்ள உடம்பின் மேல் காட்டுங்கள்.

---

அவசரக்குடுக்கை | சனி, இரவு 8:10

சரி சரி. செவக்கலைன்னா நான் செவந்துடுவேன்னு நினைக்காதீங்க. அலுமினியம் செவக்காதுங்கிறது எனக்குப் புதுசு, ஒத்துக்கிறேன்.

---

பட்டறைக்காரன் | சனி, இரவு 8:31

வெல்டிங் வைக்கத் தெரிஞ்ச ஆள் பக்கத்துல இருந்தா பேச்சே வேண்டாம். மழுங்கின தலைக்கு மேல ஒரு பெரிய நட்டை உட்கார வச்சு, நட்டோட ஓட்டைக்குள்ள நிரப்பி வெல்டு வைக்கணும். புது நட்டுக்குப் புது முனை கிடைச்சுது. அதைவிட முக்கியம், வெல்டோட சூடு பிளக் நடுவுல இறங்கி பிடிப்பை உடைக்கும். வெல்டு வச்ச கையோட திருகாதீங்க, நிறம் அடங்கி ஒரு ரெண்டு நிமிஷம் ஆகட்டும். பாதி நேரம் சாதாரண ஸ்பேனர்லயே வந்துடும்.

நிபந்தனை இருக்கு. பேட்டரி நெகட்டிவைக் கழட்டணும். எர்த் கிளாம்ப்பை பிளக்குக்குப் பக்கத்துலயே கடிக்க விடணும், எங்கேயோ பாடியில மாட்டினா கரண்ட் பேரிங் வழியா சுத்திட்டு வரும். ஆயில் பிசுக்கை சுத்தமாத் துடைக்கணும், பெட்ரோல் பைப் எங்க போகுதுன்னு பார்க்கணும், தீயணைப்பான் கையெட்டுற தூரத்துல இருக்கணும். பிளக் அலுமினியமா இருந்தா இந்த வழியே கிடையாது. இவருக்கு இரும்பு, அதனால தப்பிச்சார்.

---

கிரீஸ்கை | சனி, இரவு 9:15

பட்டறைக்காரர் சொன்னது கடைசிக்கு முந்தின வழி. நல்ல வழிதான், ஆனா ஆள் வேணும், தம்பி தனியா இருக்கார். எடுத்தவுடனே அங்க போக வேண்டாம்.

நாளைக்குக் காலையில கம்பி பிரஷ்ஷால பிளக்கைச் சுத்தி இருக்கிற மண்ணு, துரு எல்லாத்தையும் தேய்ச்சு எடுங்க. வாஷர் ஓரத்துல துரு இளக்குற ஆயிலை விட்டு ஊற வைங்க. சும்மா டபிள்யூடி-40 வேண்டாம், பேரிலேயே இருக்கு, அது ஈரத்தை விரட்டுறதுக்கு 40-ஆவது தடவை கலந்து பார்த்து வந்த சரக்கு. துரு இளக்கன்னே தனியா விக்கிறது நல்லா ஊடுருவும்.

ஊறினதும் பித்தளைக் கம்பியைத் தலை நடுவுல நேரா வச்சு சுத்தியலால தட்டுங்க. அடி இல்ல, தட்டு. இருபது முப்பது தட்டு. மரைக்குள்ள படிஞ்சிருக்கிற வெள்ளைப் பொடி அந்த அதிர்வுலதான் விரிசல் விடும்.

அப்புறம் 16 எம்எம் ஆறு முனை சாக்கெட். 17 தலைக்கு 16 எப்படிப் போகும்னு கேப்பீங்க. முனை மழுங்கின தலை இப்ப 17 இல்ல. சுத்தியலால அடிச்சு இறக்கணும், தலையைச் சீவிக்கிட்டு உட்காரும்.

இங்க ஒரு நுணுக்கம், இதைத்தான் யாரும் சொல்லமாட்டாங்க. எந்தச் சாக்கெட்டையும் கவுத்துப் பாருங்க, வாய் ஓரத்துல உள்பக்கம் சரிவாச் செதுக்கியிருக்கும், போல்ட் தலை சுலபமா நுழையறதுக்கு. ஒண்ணரை ரெண்டு எம்எம் அதுலயே போயிடும். உங்க பிளக் தலை மொத்தமே ஆறேழு எம்எம்தான் இருக்கும். அப்ப பிடிக்கிறது எவ்வளவு? அதனால சாக்கெட் வாயை கிரைண்டர்ல தட்டையாத் தேய்ச்சு அந்தச் சரிவை எடுத்துடுங்க. ஆறு பக்கமும் அடி வரைக்கும் கவ்வும். என் பெட்டியில இதுக்குன்னே மூணு மூக்கறுபட்ட சாக்கெட் கிடக்கு.

திருகும்போது சாக்கெட் பின்னுக்கு வராம இருக்க, ராட்செட் தலைக்கும் எதிர்ல இருக்கிற கிராஸ் மெம்பருக்கும் (அடியில குறுக்கா போற சட்டம்) நடுவுல ஒரு மரக்கட்டையை ஆப்பு வைங்க. முதல் திருகு இறுக்குற பக்கம், ஒரு மயிரிழை. அது அசைஞ்சா, கழட்டுற பக்கமும் அசையும்.

---

அளவுகோல் | சனி, இரவு 9:33

மழுங்கிய தலைக்கென்றே தலைகீழ்ச் சுருள் பல் வைத்த சாக்கெட்டுகள் கிடைக்கின்றன. கழற்றும் திசையில் திருகத் திருக இன்னும் ஆழமாகக் கடிக்கும். ஆனால் இறுக்கும் பக்கம் அதை வைத்துத் திருக முடியாது, கிரீஸ்கை சொன்ன முதல் அசைவுக்கு அது உதவாது. அதனால் முதலில் சாதாரணச் சாக்கெட், பிறகு இது.

---

அவசரக்குடுக்கை | சனி, இரவு 9:50

துளை போட்டு ஈஸி அவுட் (எதிர்ச்சுருள் பல் வச்ச, போல்ட் கழட்டுற கம்பி) இறக்கிட்டா?

---

கிரீஸ்கை | சனி, இரவு 10:04

அந்தப் பேர் வச்சவனைத்தான் தேடிட்டு இருக்கேன். அதுல 'ஈஸி'யும் இல்ல, 'அவுட்'டும் இல்ல.

ஒரு டிஃபரன்ஷியல் பிளக்குல இறக்கினேன், வருஷம் பல ஆச்சு. துளை போட்டு, அதை அடிச்சு இறக்கி, மரை வெட்டுற டேப்போட ஹேண்டிலால திருகினா பிளக் அசையல, கையில மட்டும் ஒரு நொறுங்கல் தெரிஞ்சுது. உடைஞ்ச துண்டு உள்ள, வெளியில அரை எம்எம்கூட நீட்டல. அது கடினமாக்கின இரும்பு, சாதாரண டிரில் பிட் மேல வழுக்கி ஓடும். ஒரு மணி நேர வேலை, ஹவுசிங்கையே இறக்கிற வேலையாப் போச்சு. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை. தவிர துளை போட்டா இரும்புத்தூள் கியருக்குள்ளதான் விழும்.

அதுக்கு உளி எவ்வளவோ மேல். தலை ஓரத்துல ஒரு வெட்டு விழுற வரைக்கும் நேரா அடிச்சு, அப்புறம் உளியைச் சாய்ச்சு கழட்டுற திசையில தட்டித் தள்ளணும். வார்ப்பிரும்பு ஹவுசிங்னா பயமில்லாம செய்யலாம். அலுமினியம்னா பிளக் உட்கார்ந்திருக்கிற விளிம்பு கீறல் விடும், அதனால அளவா. கண்ணாடி போடாம உளியைத் தொடக்கூடாது.

---

ஞாயிறுமெக்கானிக் | ஞாயிறு, மாலை 5:48

நிலவரம். காலையில இருந்து மூணு தடவை ஊற வச்சேன், தட்டினேன். சாக்கெட் வாயைத் தேய்ச்சு அடிச்சு இறக்கினேன், சும்மா சொல்லக்கூடாது, உடும்புப் பிடி. மரக்கட்டை ஆப்பும் வச்சாச்சு. ஆனா பிளக் மசியல. ராட்செட்டுக்குப் பதிலா நீளக்கம்பி போட்டு இழுத்தா கம்பிதான் வளையுது, ஸ்டாண்ட் மேல வண்டியே லேசா ஆடுச்சு. பயந்துபோய் வெளிய வந்துட்டேன். கழுத்து முழுக்க மண்ணு, மனசு முழுக்க நாளைய கவலை.

---

கிரீஸ்கை | ஞாயிறு, மாலை 6:01

வெளிய வந்தது நல்ல காரியம். வண்டி ஆடினா வேலை முடிஞ்சுது. பிளக் இன்னொண்ணு கிடைக்கும், நெஞ்சுக்கூடு கிடைக்காது.

இப்ப வேற மாதிரி யோசிப்போம். நமக்கு நாளைக்கு வேண்டியது பிளக் கழளுறது இல்ல, ஆயில் உள்ள போறது. கியர்பாக்ஸ் மேல வேற என்ன ஓட்டை இருக்கு? ரிவர்ஸ் லைட் சுவிட்ச் எங்க இருக்கு? ஸ்பீடோமீட்டர் சென்சார்? இறக்கின ஆயிலைக் கொட்டலையே?

---

ஞாயிறுமெக்கானிக் | ஞாயிறு, மாலை 6:14

அட! ரிவர்ஸ் சுவிட்ச் மேல்பக்கமே இருக்கு, பேட்டரி தட்டை எடுத்தா கை எட்டும். இறக்கின ஆயில் பக்கெட்லயே இருக்கு. இப்பத்தான் அளந்தேன், 1.9 லிட்டர். மேனுவல்ல 2.0 போட்டிருக்கு.

---

அளவுகோல் | ஞாயிறு, மாலை 6:25

அப்படியானால் வழி கிடைத்துவிட்டது. சுவிட்சின் ஒயர் இணைப்பைப் பிரித்து, சுற்றியுள்ள அழுக்கைத் துடைத்த பிறகே கழற்றுங்கள், இல்லையென்றால் மண் உள்ளே விழும். அதையும் ஆறு முனையில் கழற்றுங்கள், பட்டது போதும். புனலில் ஒரு மீட்டர் டியூப் மாட்டிப் புது ஆயிலை 2.0 லிட்டர் அளந்து விடுங்கள். கியர் ஆயில் கெட்டி, மெதுவாகத்தான் இறங்கும். பாட்டிலை முதலில் வெந்நீரில் வைத்தால் கொஞ்சம் இளகும்.

மேனுவலில் கியர் ஆயில் தரம் ஜிஎல்-4 என்று இருந்தால் ஜிஎல்-5 ஊற்றிவிடாதீர்கள். அதில் கூடுதலாக இருக்கும் கந்தகச் சேர்க்கை பித்தளை சின்க்ரோ வளையத்துக்கு (கியர் மாறும்போது வேகத்தைச் சமன் செய்வது) ஆகாமல் போகலாம்.

---

பட்டறைக்காரன் | ஞாயிறு, மாலை 6:33

ஒரு சந்தேகம். அளந்து ஊத்தினா மட்டும் சரியான மட்டம்னு எப்படி நம்புறது? இறக்கும்போது கொஞ்சம் உள்ளேயே தங்கியிருக்குமே?

---

கிரீஸ்கை | ஞாயிறு, மாலை 6:41

தங்கும், ஒரு கரண்டி அளவு. அது கூடினாலும் ஒண்ணும் ஆகாது. உண்மையான மட்டம் ஃபில்லர் ஓட்டையோட கீழ் உதடுதான், அதைப் பிளக் கழண்டதும் பார்த்துக்கலாம். இப்போதைக்கு 2.0 போதும்.

தம்பி, இதுல இன்னொரு லாபமும் இருக்கு. வண்டி ஓடுதுன்னா அவசரம் போச்சு. தினம் காலையும் ராத்திரியும் பிளக்குல துரு இளக்கி விடுங்க. ஓடுற ஒவ்வொரு நாளும் கியர்பாக்ஸ் சூடாகி ஆறும், விரியும் சுருங்கும். நம்ம வேலையை வண்டியே செய்யும்.

---

ஞாயிறுமெக்கானிக் | ஞாயிறு, இரவு 9:20

ஊத்தியாச்சு. அரை மணி நேரம் புனலைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். கியர் எல்லாம் விழுது, சத்தம் இல்ல, ஒழுகல் இல்ல. ரிவர்ஸ் லைட்டும் எரியுது! அடுத்த ஞாயிறு வரேன்.

---

ஞாயிறுமெக்கானிக் | அடுத்த ஞாயிறு, காலை 11:37

வந்துருச்சு!!!

விவரமாச் சொல்றேன். வாரம் முழுக்க ரெண்டு வேளை ஊற வச்சேன், மருந்து கொடுக்கிற மாதிரி. இன்னைக்குக் காலையில வண்டியை அரை மணி நேரம் ஓட்டிட்டு வந்து, சூடு ஆறும் முன்னாடி ஸ்டாண்ட்ல ஏத்தினேன். பிளக்கைச் சுத்தி உடம்பு மேல ஹீட் கன்னை அசைச்சு அசைச்சு கால் மணி நேரம். ரப்பர் சீல் பக்கம் ஈரத்துணி போட்டு மறைச்சுக்கிட்டேன். சாக்கெட்டை அடிச்சு இறக்கினேன், ஆப்பு வச்சேன்.

முதல்ல இறுக்குற பக்கம் ஒரு அழுத்து. சின்னதா 'டக்'. போன வாரம் கேட்ட 'கிர்ருக்' மாதிரி இல்ல, விரல் சொடக்குற மாதிரி காய்ஞ்ச சத்தம். வழுக்கிருச்சோன்னு வயிறு கலங்குச்சு. டார்ச் அடிச்சுப் பார்த்தா, தலை மேல நான் போட்ட சுண்ணாம்புக் கோடு ஒரு நூல் நகர்ந்திருக்கு. கழட்டுற பக்கம் இழுத்தேன், மறுபடியும் 'டக்'. அப்புறம் கால் சுத்து கழட்டு, எட்டில் ஒரு பங்கு இறுக்கு, துரு இளக்கி விடு, மறுபடி கழட்டுன்னு மெதுவா எடுத்தேன்.

பிளக்கை உருவினதும் ஆயில் நூல் மாதிரி கொஞ்சம் வழிஞ்சுது, ஒரு நிமிஷத்துல சொட்டா மாறி நின்னுபோச்சு. ஆக, அன்னைக்கு ஊத்தின மட்டம் சரி.

பிளக் மரையைப் பார்த்தா, கடைசி மூணு சுத்துல வெண்ணிறப் பொடி, சுண்ணாம்பு பூசின மாதிரி. வாஷர் காகிதம் மாதிரி நசுங்கியிருந்துச்சு. எனக்கு முன்னாடி கைவச்சவங்க பழைய வாஷரையே போட்டு, ஒழுகாம இருக்க முரட்டு இறுக்கு இறுக்கியிருக்காங்க. கியர்பாக்ஸ் பக்கத்து மரை பளிச்சுன்னு இருக்கு, ஒரு சுத்துகூட போகல.

புது பிளக், புது வாஷர் வாங்கி வச்சிருக்கேன். மரையில என்ன தடவணும், எவ்வளவு இறுக்கணும்?

---

கிரீஸ்கை | அடுத்த ஞாயிறு, நண்பகல் 12:05

அந்தப் பழைய பிளக்கை ஃபிரேம் போட்டு மாட்டலாம் தம்பி.

மரையைத் துணியாலும் பழைய பல் பிரஷ்ஷாலும் துடைங்க, மரை வெட்டுற டேப் எல்லாம் விடாதீங்க, அதுக்கு அவசியமில்ல. இறுக்கத்துக்கு மேனுவல் என்ன சொல்லுதோ அதுதான். இந்த மாதிரி பிளக்குக்கு 30லிருந்து 40 நியூட்டன் மீட்டர் வரைக்கும் போட்டிருக்கிறதை நிறையப் பார்த்திருக்கேன், ஆனா என் கண்ணை நம்பாம புத்தகத்தைப் பாருங்க. பிளக்கைக் கையால முழுசா உள்ள விட்டுட்டு, அப்புறம்தான் டார்க் ரெஞ்ச் (இறுக்குற விசையை அளந்து காட்டுற ஸ்பேனர்).

---

அளவுகோல் | அடுத்த ஞாயிறு, மதியம் 12:30

மரையில் ஆயில் ஈரம் மட்டும் போதும். செம்பு கலந்த ஆன்டி-சீஸ் பசை தடவினால் உராய்வு குறைந்து, அதே டார்க் அளவுக்கு உண்மையான இறுக்கம் கூடிவிடும். அலுமினிய மரைக்கு அது நல்லதல்ல. தடவியே ஆக வேண்டுமென்றால் டார்க்கைக் குறைக்க வேண்டும்.

---

புதுஎண்ணெய் | இரண்டு மாதம் கழித்து, சனி, காலை 10:18

அண்ணன்மாரே, இந்த இழையைப் பார்த்துட்டு இங்கேயே கேக்குறேன். எனக்கு இன்ஜின் ஆயில் டிரெய்ன் பிளக். தலைக்குள்ள ஆலன் கீ போடுற மாதிரி ஆறு முனைக் குழி, 8 எம்எம். குழி உருண்டையாயிட்டு வருது. அடியில படுத்துக்கிட்டு எவ்வளவு பலம் போட்டாலும் கழள மாட்டேங்குது, இன்னும் இறுகுற மாதிரியே இருக்கு.

---

பட்டறைக்காரன் | சனி, காலை 10:40

குழித் தலைன்னா முதல்ல குழிக்குள்ள இருக்கிற அழுக்கை ஊசியால நோண்டி எடுங்க, கீ அடி வரைக்கும் போகாததாலதான் பாதி குழி மழுங்குது. அப்புறம் சாதாரண எல்-கீ வேண்டாம், சாக்கெட் வகை பிட். அதுவும் வழுக்கினா, குழியைவிட ஒரு துளி பெரிய டார்க்ஸ் பிட்டை சுத்தியலால அடிச்சு இறக்குங்க, நட்சத்திர முனை புதுசா இடம் பிடிச்சுக்கும். அந்த அடியே மரையையும் இளக்கும். அவசரம்னா டிப்ஸ்டிக் குழாய் வழியா பம்ப் வச்சு ஆயிலை உறிஞ்சி எடுத்துடலாம், பிளக்கைத் தொடவே வேண்டாம்.

---

கிரீஸ்கை | சனி, காலை 10:52

ஒரு நிமிஷம். 'இன்னும் இறுகுற மாதிரி இருக்கு'ன்னு சொன்னீங்களே. படுத்துக்கிட்டு எந்தப் பக்கம் திருகுறீங்க? மேல இருந்து பார்க்கிற கணக்கா, பிளக் தலையைப் பார்க்கிற கணக்கா? தலையை நேருக்கு நேர் பார்த்து, கடிகாரம் ஓடுறதுக்கு எதிர்ப்பக்கம்.

---

புதுஎண்ணெய் | சனி, மாலை 4:27

அண்ணா, ஆயில் மாத்தியாச்சு. புது பிளக் போட்டாச்சு. வேற எதுவும் கேக்காதீங்க.